‘உன்னப் பார்த்தா கவர்ன்மென்ட் ஸ்கூல் பையன்னே தெரியல’: பாராட்டியதில் என்ன தப்பு?

கேள்வி: கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். வயது 47. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துப் பொறியியல் கல்லூரிக்கு வந்த மாணவர்களுக்கு மென்டராக, அதாவது வழிகாட்டியாக, இருக்கும் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். எனக்குக் கிடைத்தவன் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்துப் பையன், ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) இரண்டாம் ஆண்டு. மாதம் இரண்டு சனிக்கிழமை சந்திக்கிறோம். நான்காவது சந்திப்பில் அவனுடைய செமினாரைப் பேசிக் காட்டினான். உண்மையிலேயே அசத்திவிட்டான். சந்தோஷத்தில், “தம்பி, உன்னப் பார்த்தா கவர்ன்மென்ட் ஸ்கூல் பையன்னே தெரியல” என்றேன். அன்றிலிருந்து ஆள் மாறிவிட்டான். வாட்ஸ்அப்பில் எது கேட்டாலும் “ஓகே சார்” மட்டும்தான். பாராட்டியதில் என்ன தப்பு?

இன்னொன்று. வார இறுதியில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறான். அங்கே வடமாநிலத் தொழிலாளர்கள் அதிகம். “வடக்கன் வந்துதான் சார் எல்லாம் கெட்டுப்போச்சு” என்கிறான். கண்டித்தேன். “சரி சார். அங்க ஒடிசா அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவர் மட்டும் அப்படி இல்ல” என்றான். இவனைத் திருத்துவது என் வேலையா? அவனுடைய மினி புராஜெக்ட் அறிக்கையிலும் ஏகப்பட்ட பிழைகள். மனசு உடைந்துவிடக் கூடாதே என்று “சூப்பர்” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். வேறு மாணவனை மாற்றிக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்:

பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். அதனால் ‘சார்’ என்றே எழுதுகிறேன். அந்தப் பையனும் அப்படித்தானே கூப்பிடுகிறான்.

உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை படிக்கும்போது பென்சிலால் இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டேன். நீங்கள் அவனிடம் சொன்னது ஒன்று. ஒடிசா அண்ணனைப் பற்றி அவன் உங்களிடம் சொன்னது மற்றொன்று. ‘நீ அந்தப் பையன்கள் மாதிரி இல்லை.’ ‘அவர் மட்டும் அப்படி இல்லை.’ ஒரே வாக்கியம், சார். அதை நீங்கள் சொன்னபோது உங்களுக்கு அது பாராட்டாகப் பட்டது. அவன் சொன்னபோது கண்டிக்கத் தோன்றியது.

கிராமத்து வேலியில் படல் பார்த்திருப்பீர்கள். தெரிந்தவர் வந்தால் அதைத் தூக்கி ஓரமாக வைத்து அவரை உள்ளே விட்டுவிட்டு, மறுபடி இழுத்துச் சாத்திவிடுவோம். வேலி அசையாமல் இருக்கும். ‘அரசுப் பள்ளிப் பையன்களுக்கு மேடையில் பேச வராது’ என்று உங்களுக்குள் ஒரு வேலி இருந்தது. யார் போட்டது என்று உங்களுக்கே தெரியாது. அப்படி ஒரு பையன் எதிரில் நின்று நன்றாகப் பேசிய அன்று, வேலியைப் பிரித்திருக்கலாம். நீங்கள் படலைத் திறந்து அவனை மட்டும் உள்ளே விட்டீர்கள். கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே இதைக் கவனித்து, ‘மறுபடி வேலி அடைத்துக்கொள்வது’ என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். நம் எண்ணத்தைப் பொய்யாக்கும் ஆள் முன்னால் வந்து நின்றாலும், அவரை விதிவிலக்கு ஆக்கிவிட்டால் எண்ணத்துக்கு ஒரு சேதாரமும் இல்லை.

அவன் காதில் என்ன விழுந்திருக்கும் என்று பாருங்கள். அவனுடைய பள்ளிக்கூடம், ப்ளஸ் டூ வரை பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதன், கணக்கில் தேற வேண்டும் என்று சாயங்காலம் ஆறரை வரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்த வாத்தியார், ஒருவேளை இன்னும் அங்கேயே படித்துக்கொண்டிருக்கும் தங்கை. இத்தனை பேரையும் நீங்கள் ஒரு தட்டில் வைத்தீர்கள், அவனை மட்டும் இன்னொரு தட்டில் வைத்தீர்கள். சந்தோஷப்பட்டால் அவர்களை விட்டுக்கொடுத்த மாதிரி. கோபப்பட்டால் உங்களிடம் மரியாதை இல்லாத மாதிரி. பத்தொன்பது வயதுப் பையன் இதற்கு நடுவில் என்ன சொல்வான்? “ஓகே சார்” என்பான்.

இந்தப் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. அடுத்த ஆண்டே சட்டம் போட்டுப் பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரித்தார்கள். அப்படி வருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்கிறது. எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி உருவாக இதுதான் காரணம். ஆனால், என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவன் சொன்னான்: “எங்க கிளாஸ்ல என் பேரு செவன் பாயின்ட் ஃபைவ் மேடம்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை கையில் இருந்த பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். உங்கள் பையன் அந்த ஒதுக்கீட்டில் வந்தவனா, பொதுப் பிரிவில் வந்தவனா என்று எனக்குத் தெரியாது. நீங்களும் கேட்க வேண்டாம்.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று சொல்லிச் சொல்லியே நாம் வளர்ந்துவிட்டோம். சோற்றுக்கு அது சரி. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. மனிதர்களை அப்படி ஒரே பானையில் யாரும் வேக வைக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘ஸ்டீரியோடைப்’ என்கிற சொல்லே அச்சகத்திலிருந்து வந்ததுதான். கோத்து வைத்த எழுத்துகள் மேல் அச்சு எடுத்து, அதில் ஈயத்தை ஊற்றி ஒரே தகடாக வார்ப்பார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு எழுத்தாகக் கோக்க வேண்டாம், ஆயிரம் பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். வால்டர் லிப்மன் என்ற பத்திரிகையாளர் 1922-ல் இந்தச் சொல்லை மனித மனத்துக்குக் கொண்டுவந்தார். வேலை மிச்சம் என்பதால்தான் மனசும் தகடு வைத்துக்கொள்கிறது. கெட்டவர்கள்தான் அப்படிச் செய்வார்கள் என்று நினைக்காதீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் முன்னால், மெக்கானிக்கல் எடுத்திருந்த ஒரு முதலாண்டு மாணவிக்கு நான் மென்டர். ஒல்லியான பெண், பேச்சும் மெதுவாகத்தான் வரும். முதல் சந்திப்பிலேயே, ரொம்ப அக்கறையாக, “டிசைன் பக்கம் போயிடும்மா, ஷாப் ஃப்ளோர் எல்லாம் உனக்குக் கஷ்டம்” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வலது கையைத் திருப்பி மேஜை மேல் வைத்தாள். கட்டை விரலுக்குக் கீழே, பழைய தீக்காயத் தழும்பு, வளையமாக. “எங்கப்பா கணபதி ஏரியாவுல லேத் பட்டறை வெச்சிருக்காருங்க மேடம். சூடா வர்ற இரும்புச் சுருள் பட்டது. எட்டாவதுல இருந்து லீவு நாள்ல நான்தான் ஜாப் செட் பண்ணுவேன்.” வெர்னியர் அளவுகோல் இல்லாமல் விரலால் தொட்டே எவ்வளவு கூடக் குறைய என்று சொல்லிவிடுவாளாம்.

எனக்கு அன்று வாயில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? “அட, நீ மத்த பொண்ணுங்க மாதிரி இல்லயே!” ஒரு தப்பை உணர்ந்த வேகத்தில் அடுத்த தப்பு. இதையே தொழிலாகச் செய்கிறவளுக்கே இந்த நிலைமை. அதனால் உங்கள் கடிதத்தைப் பார்த்து நான் முகம் சுளிக்கவில்லை.

‘ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பேச்சா’ என்று தோன்றலாம். தோன்றினால் நியாயம்தான். ஆனால் வார்த்தை மனசோடு நிற்பதில்லை, விடைத்தாள் வரைக்கும் போகிறது. கிளாட் ஸ்டீல், ஜோஷுவா ஆரன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், ‘இது உங்கள் அறிவுத்திறனைச் சோதிக்கும் தேர்வு’ என்று சொன்னதுமே கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் இறங்கியது. அதே கேள்விகளை அப்படிச் சொல்லாமல் கொடுத்தபோது அந்தச் சரிவு இல்லை. இந்த விளைவு பிற்பாடு செய்த ஆய்வுகளில் எல்லா இடத்திலும் ஒரே அளவுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்த் தாள்களைக் கொடுத்து, சரியாக முடித்தால் காசு என்றார்கள். சாதியைப் பற்றிப் பேச்சே இல்லாதபோது மேல்சாதிப் பையன்களும் தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவில் முடித்தார்கள். ஒரே அறையில் உட்கார வைத்து ஒவ்வொருவரின் அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி எல்லாவற்றையும் சத்தமாக வாசித்த பிறகு, தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் முடித்த புதிர்கள் குறைந்துபோயின. இடையில் அவர்களுக்கு மூளை எதுவும் குறைந்துவிடவில்லை. வாசித்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பையனும் அந்தச் செமினாரில், தான் ‘கவர்ன்மென்ட் ஸ்கூல்’ என்பதை மறந்து பேசியிருப்பான் என்று நினைக்கிறேன். அதனால்தான் அசத்தியிருப்பான். முடித்த கையோடு நீங்கள் ஞாபகப்படுத்திவிட்டீர்கள்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நேரில், அடுத்த சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்துக்குள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், அதற்கு அவன் “பரவால்ல சார்” என்று போட்டுவிடுவான், பேச்சு அங்கேயே செத்துவிடும். ‘உன் மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்’ என்ற ரகம் அறவே வேண்டாம். அது தப்பை அவன் மனசின் மேல் தூக்கிப் போடுகிற பேச்சு. சொன்னது இன்னது என்று சொல்லிவிடுங்கள். நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: “தம்பி, போன தடவை ஒண்ணு சொன்னேன், கவர்ன்மென்ட் ஸ்கூல் பையன் மாதிரி தெரியலன்னு. தப்பான பேச்சு. நீ நல்லாப் பேசினதுக்கு உன் ஸ்கூலுக்கும் உன் வாத்தியாருக்கும்தான் பேரு போகணும். நான் அதை அப்படியே திருப்பிப் போட்டுட்டேன். பேசறதுக்கு உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தாங்க?”

கடைசியில் உள்ள கேள்விதான் முக்கியம். அந்தக் கேள்வியோடு நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவன் தமிழ் ஐயாவைப் பற்றிச் சொல்லலாம், காலை வணக்கக் கூட்டத்தில் தினமும் திருக்குறளும் செய்தியும் வாசித்ததைச் சொல்லலாம், ஒன்றுமே சொல்லாமலும் இருக்கலாம். மௌனம் நீண்டால் டீ சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் எவ்வளவு வருத்தப்பட்டீர்கள், ராத்திரி தூக்கமே வரவில்லை என்றெல்லாம் அவனிடம் சொல்லாதீர்கள். உங்களைத் தேற்றும் வேலையும் அவன் தலையில் விழும்.

அடுத்தது அந்த ‘சூப்பர்’. நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருந்தீர்கள். என் கணக்கில், பேசிய வாக்கியத்தைவிட இதுதான் பெரிய தப்பு. வாக்கியம் வாய் தவறி வந்தது. இது யோசித்துச் செய்தது. உங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், பெரிய கல்லூரியிலிருந்து வந்தவர், இப்படி ஒரு அறிக்கையைக் கொண்டுவந்தால் ‘சூப்பர்’ என்பீர்களா? பக்கத்துக்குப் பக்கம் சிவப்பாக்கி அனுப்புவீர்கள். இவனுக்கு மட்டும் ஏன் சலுகை? ‘இவனால் இவ்வளவுதான் முடியும், பாவம்’ என்பதைத் தவிர வேறு பதில் இருக்கிறதா? அவனுக்கும் அது தெரியும். தன்னுடைய அறிக்கையில் ஓட்டை இருப்பது எழுதியவனுக்குத் தெரியாமல் இருக்காது.

இதில் உண்மையான ஒரு சிக்கல் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. திருத்தினால், ‘நம்மைக் குறைவாக நினைக்கிறார்’ என்று எடுத்துக்கொள்வானோ என்ற பயம். திருத்தாவிட்டால் அவன் வளர மாட்டான். ஜெஃப்ரி கோஹன், கிளாட் ஸ்டீல், லீ ராஸ் மூவரும் 1999-ல் இந்தச் சிக்கலையே எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே ‘மென்டரின் தர்மசங்கடம்’ என்பதுதான். மாணவர்கள் எழுதிய கட்டுரைக்கு மூன்று விதமாக விமர்சனம் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் குறை சொல்வது ஒன்று. நாலு வார்த்தை பாராட்டிவிட்டுக் குறை சொல்வது இன்னொன்று. மூன்றாவதாக, ‘நான் பார்க்கும் தரம் உயர்ந்தது, நீ எழுதியதைப் படித்ததில் உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்’ என்று சேர்த்துக் குறை சொல்வது. கறுப்பின மாணவர்களிடம் எடுபட்டது மூன்றாவதுதான். முதலில் தேன் தடவிக் கொடுப்பது பெரிதாக உதவவில்லை. தேன் எதற்கு என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆகவே அந்த அறிக்கையைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். “அன்னைக்கு மேலோட்டமாப் பார்த்துட்டு சூப்பர்னு சொல்லிட்டேன். சரியாப் படிக்கல. எங்க ஆபீஸ்ல எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்துத் தர்றேன், உன்னால அந்த அளவுக்குக் கொண்டுவர முடியும்” என்று சொல்லுங்கள். சொன்னபடி பாருங்கள். கிலோவாட்டும் கிலோவாட் ஹவரும் குழம்பியிருந்தால் வட்டம் போடுங்கள். வரைபடத்தில் அச்சுக்கு அலகு எழுதாமல் விட்டிருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடுங்கள். முடிவுரை இணையத்திலிருந்து அப்படியே எடுத்ததாகத் தோன்றினால், “இது உன் வார்த்தையா?” என்று நேராகவே கேளுங்கள். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பிழையையும் பொறியியல் பிழையையும் ஒரே சிவப்பில் கலக்காதீர்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு இலக்கணப் பிழையில் தாள் சிவந்துபோனால், சர்க்யூட்டில் அவன் சரியாகச் செய்தது கண்ணிலேயே படாது. ஆங்கிலத்துக்குத் தனி நாள், தனிப் பேனா.

இப்போது ‘வடக்கன்’ விஷயம். திருத்துவது உங்கள் வேலையா என்று கேட்கிறீர்கள். திருத்துவது உங்கள் வேலை இல்லை. அவன் அப்படிச் சொல்லும்போது சும்மா தலையாட்டாமல் இருப்பது உங்கள் வேலை. நீங்கள் கண்டித்தீர்கள், அவன் ‘சரி சார்’ என்றான். கண்டித்ததால் ஒரு நன்மை: இனி உங்கள் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டான். வெளியே சொல்வான். நீங்கள் இனி அதைக் கேட்கவே வழியில்லாமல் போய்விடும், அதுதான் நஷ்டம்.

இந்த விஷயத்தைத் தொடும் முன் வரிசையைக் கவனியுங்கள். உங்கள் வேலியைப் பற்றி நீங்கள் முதலில் பேசியிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை உங்களுடையது. அதற்கடுத்த சனிக்கிழமையோ, இன்னும் ஒன்று தள்ளியோ அவனுடையது. ஒரே நாளில் இரண்டையும் முடித்தால், மன்னிப்புக் கேட்டது பாடம் நடத்துவதற்கான முன்னுரை என்று ஆகிவிடும்.

பேசும்போது, அவன் குறையாகச் சொல்வதில் எது நிஜமான குறை என்று முதலில் கேட்டு வாங்குங்கள். ரிசர்வேஷன் பெட்டியில் டிக்கெட் வாங்கிய ஆள் கழிவறை வாசலில் நின்றுகொண்டு வர வேண்டியிருக்கிறது என்பானா? அது நிஜம், நானும் நின்றிருக்கிறேன். அவர்கள் குறைந்த கூலிக்கு வருவதால் முதலாளி நம் பையனைக் கேட்பதில்லை என்பானா? அதிலும் நிஜம் இருக்கிறது. ‘அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, எல்லாரும் மனுஷங்க’ என்று நீங்கள் ஆரம்பித்தால், அவன் பட்டது எதுவும் கணக்கில் வராமல் போய்விட்டது என்றே நினைப்பான். பட்டதை ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் கேளுங்கள்: கூலியை யார் முடிவு பண்றாங்க? அந்த அண்ணனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு? எத்தனை மணி நேரம்? எங்கே தூங்குகிறார்? பேக்கரியில் வேலை பார்க்கிற பையனுக்கு இந்தப் பதில்கள் நம்மைவிட நன்றாகத் தெரியும். மைதா மூட்டைக்குப் பக்கத்தில், அடுப்புச் சூடு ஆறாத அறையில் நாலு பேர் படுத்திருப்பதை அவன் தினமும் பார்த்திருக்கக்கூடும். வெளிமாநிலத் தொழிலாளிக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1979-லேயே மத்தியச் சட்டம் சொன்னது என்பதை வேண்டுமானால் அங்கே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். குறைத்துக் கொடுத்தது யார் என்று அவனே பார்த்துக்கொள்வான்.

இன்னொரு கேள்வி. அந்த ஒடிசா அண்ணனின் பெயர் என்ன? தெரிந்திருக்கலாம். பல கடைகளில் அவர்கள் எல்லாருக்கும் ‘பையா’ என்று ஒரே பெயர்தான். பெயர் தெரிந்திருந்தால், அடுத்த ஆளின் பெயரைக் கேளுங்கள். அதற்கடுத்தவர்? விசாரணை மாதிரி வேண்டாம், பேச்சுவாக்கில். ‘அவர் மட்டும் அப்படி இல்லை’ என்பதில் அவர் ஒருவரைத்தான் இவன் கிட்டத்தில் பார்த்திருக்கிறான் என்பது அவனுக்கே உறைக்கும். அப்போது மட்டும், முடிந்தால் சிரித்துக்கொண்டே, உங்கள் வாக்கியத்தை ஞாபகப்படுத்துங்கள்: “நான் உன்னைச் சொன்ன மாதிரியே நீயும் சொல்றே பாரு.” இதைச் சொல்ல உங்களுக்குத்தான் உரிமை இருக்கிறது, நீங்கள் முதலில் மாட்டிக்கொண்டவர் என்பதால்.

அவன் ஊர்ப் பக்கத்து ஆள் என்பதால் இதையும் சொல்கிறேன். பழைய திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக மும்பைக்குப் போனவர்கள் ஏராளம். தாராவியில் தோல் பதனிடும் வேலைக்குப் போனதில் தொடங்கியது. அங்கே அவர்களுக்குப் பெயர் ‘மதராஸி’. 1966-ல் சிவசேனா தொடங்கிய பிறகு ‘எங்கள் வேலையைப் பறிக்க வந்தவர்கள்’ என்று இட்லிக் கடைகளையும் லுங்கி கட்டியவர்களையும் தேடித் தேடி அடித்த காலம் ஒன்று உண்டு. இதை நீங்கள் சொல்லாதீர்கள். “உங்க சொந்தக்காரங்க யாராச்சும் பம்பாய்ல இருந்திருக்காங்களா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு பெரியப்பாவோ மாமாவோ கிடைப்பார். “அவங்களை அங்க எப்படிக் கூப்பிடுவாங்கன்னு கேட்டுட்டு வா” என்று அனுப்புங்கள். சங்கரன்கோவில் பெரியப்பா சொல்வதில் பத்தில் ஒரு பங்கு கூட நானும் நீங்களும் சொல்லிவிட முடியாது. யாரும் போகவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கதையைத் திணிக்க வேண்டாம்.

2023 மார்ச்சில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. எங்கேயோ, எப்போதோ, வேறு காரணத்துக்காக நடந்த அடிதடிகள். ஹோலிக்கு ஊருக்குப் போகிற ரயில் கூட்டத்தைக் கூட ‘தப்பி ஓடுகிறார்கள்’ என்று காட்டினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த வாரம் ‘தமிழன் என்றால் இப்படித்தான்’ என்ற தகடு வடக்கே எத்தனை போனில் அச்சானது! இதை உங்கள் பையனிடம் ஒரு வீடியோ சரிபார்க்கும் பயிற்சியாகவே கொடுக்கலாம். வீடியோவின் ஒரு படத்தை நிறுத்தித் தேடி, பழையதா புதியதா என்று பார்ப்பது. ட்ரிபிள் ஈ பையனுக்கு இது அறிவுரையைவிடப் பிடிக்கும்.

கவனிக்க வேண்டிய ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “உங்க ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?” என்று நம்மில் பலர் சாதாரணமாகக் கேட்கிறோம். மூன்றாவது கேள்வி எதற்கு என்று தென்மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடங்களில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பற்றி நீதிபதி சந்துரு குழு 2024-ல் தனியாகப் பரிந்துரை செய்யும் அளவுக்கு நிலைமை இருக்கிறது. நீங்கள் அந்த எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் ஊர் பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊரைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால், மழை உண்டா, பூ விலை எப்படி, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கலாம். சங்கரன்கோவில் பூச்சந்தை பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான்.

வேறு மாணவனை மாற்றிக் கேட்க வேண்டாம். மாற்றினால் அவனுக்குக் கிடைக்கும் செய்தி ஒன்றே ஒன்றுதான், அது என்ன என்று உங்களுக்கே தெரியும். வருகிற புதுப் பையனிடமும் உங்கள் வேலி அப்படியே இருக்கும்.

வரும் சனிக்கிழமை வழக்கமான அந்த காபி ஷாப்புக்குப் பதிலாக அவனுக்குப் பழக்கமான ஒரு டீக்கடையைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் இடம் சொல்லி அவன் வருவது வேறு, அவன் இடம் சொல்லி நீங்கள் போவது வேறு. அறிக்கையை முந்தின நாளே வாங்கிப் படித்துவிட்டுப் போங்கள். மன்னிப்பை முதலில் சொல்லுங்கள், அறிக்கையை அடுத்து விரியுங்கள். ‘வடக்கன்’ பேச்சை அன்று எடுக்காதீர்கள். முதல் இரண்டு தடவை ‘ஓகே சார்’ என்றே பதில் வந்தாலும் கணக்கில் வைக்காதீர்கள். அவனும் உங்களை ஒரு தகட்டில் வார்த்து வைத்திருப்பான், ‘ஐடி கம்பெனி சார்னா இப்படித்தான்’ என்று. அது இளக நாளாகும். தீபாவளி தாண்டியும் அப்படியே இருந்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். நீங்கள் சிவப்பில் திருத்தியதைப் பார்த்துவிட்டு, “சார், இந்த இடத்துல நீங்கதான் தப்பா வட்டம் போட்டிருக்கீங்க” என்று அவன் சொல்லிவிட்டால், அப்போதும் போடுங்கள்.